கள்ளின் மூச்சும் சுண்ணாம்புத் தண்ணீரும்

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் சைக்கிளைத் திருப்புவேன். அப்படிப்பட்ட ஆளிடம் ஹைட்ரஜன் வாயுவை ஒப்படைத்து, "பத்திரமா பாத்துக்குங்க" என்று சொன்னால் என்ன ஆகும்? தூக்கம் போகும். போயிற்று.

ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து, வினையூக்கி வழியாக விட்டு, எரிபொருளும் இரசாயனப் பொருள்களும் செய்கிறார்களாம் என்று என் மகள் அடிக்கடி செய்தி படித்துக் காட்டுகிறாள். "அப்பா, நீங்க அந்தக் காலத்துலயே செஞ்சீங்களாமே, அம்மா சொன்னாங்க" என்று கேட்டாள். செய்தேன். இடையில் ஒரு தடவை, செய்யாமலேயே செய்ததாகக் காட்டினேன். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு நேராகும்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் அது. மலாக்காவில் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாள். குடுவை கழுவுவது, அமிலம் கலப்பது, பையன்கள் உடைத்ததைப் பெருக்குவது என் வேலை. தற்காலிக வேலைதான், வருஷக் கடைசியோடு முடியும். நிரந்தரம் ஆக வேண்டுமானால் மேலிடத்து அதிகாரி ஒருவர் வந்து என் வேலையைப் பார்க்க வேண்டும், அதன்பின் இரசாயன டீச்சர் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் தோட்டம். அங்கே அப்பா, கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி, பால் சீவ எனக்காக ஒரு நிரை ரப்பர் மரம் கேட்டு வைத்திருந்தார். "கிராணியிடம் சொல்லியிருக்கிறேன், கவலைப்படாதே" என்று கடிதம் போட்டிருந்தார். பாவம், நல்ல மனதோடுதான் எழுதினார். அந்தக் கடிதம் என் சட்டைப் பையில் கிடந்தது. கை படும்போதெல்லாம் அதை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடுவேன்.

என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். கல்யாணத்துக்கு முன்பு விடியுமுன் எழுந்து ரப்பர் மரம் சீவி, பால் வாளி தூக்கியவள். "மறுபடி தோட்டம்னா நீங்க மட்டும் போங்க. வாளியையும் நீங்களே தூக்குங்க. நான் இந்தப் பீபிக்கோட இருந்துக்கிறேன்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும்.

பீபிக் என்பது எங்கள் வீட்டுக்கார அம்மாள். காஜா பெராங் பகுதியில், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழ் வம்சமான மலாக்கா செட்டிக் குடும்பத்து வீடு ஒன்றின் பின்கட்டில்தான் குடியிருந்தோம். பீபிக்குக்கு நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை, பேச்சு முழுக்க மலாய். சாமி பெயரும் சடங்குகளின் பெயரும் மட்டும் தமிழில் வரும். தோட்டத்திலிருந்து வந்த எங்கள் மலாயைக் கேட்டுச் சிரிப்பார். நாங்கள் அவர் சொல்லும் தமிழ்ப் பெயர்களைக் கேட்டுச் சிரிப்போம். அந்த மட்டில் ஒற்றுமையாகவே இருந்தோம்.

டீச்சர் என்னைவிட ஒரு வயது இளையவர். சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்தவர், முன்கோபக்காரர். சுதந்திரத்தை ஒட்டிப் பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சி வைக்கப் போகிறார்கள், அதற்கு மேலிடத்து அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் என்னை அழைத்தார். எரிமலை பொம்மையும் தவளை எலும்பும் எல்லாரும் வைப்பார்கள், நாம் வேறு ஒன்று செய்வோம் என்றார்.

"நாம விடுற மூச்சுல வர்றது, அடுப்புல வர்றது, கள்ளு நுரைக்கிறப்ப வர்றது, எல்லாம் கரியமில வாயுதான். எரிஞ்சு முடிஞ்ச சரக்கு. அதை யாரும் திரும்ப எரிய வைக்க முடியாதுன்னு நெனைக்கிறாங்க. ஹைட்ரஜனோட கலந்து, சூடான நிக்கல் தூள் மேல விட்டா மீத்தேனா மாறும். மீத்தேன் நல்லா எரியும்."

"நிக்கல் தீந்து போயிடாதா டீச்சர்?"

"அது கல்யாணத் தரகர் மாதிரி. ரெண்டு பேரைச் சேத்து வச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடும். அதான் வினையூக்கி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. கந்தகம் பட்டா நிக்கல் செத்துரும். ஆவி பட்டாக்கூடப் போதும். பக்கத்துல அவிச்ச முட்டைகூடத் திங்கக் கூடாது."

நான் அன்றிலிருந்து முட்டையையே விட்டுவிட்டேன். வீட்டிலும் அவிக்கக் கூடாது என்றேன். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு முட்டை வேண்டாம் என்று சொல்ல இந்த உலகத்தில் உங்கள் ஒருத்தரால்தான் முடியும் என்று என் மனைவி சொன்னாள்.

இன்னொன்றும் டீச்சர் சொன்னார். தீயைப் பார்த்து ஏமாறக் கூடாது. நிக்கல் வேலை செய்யாவிட்டாலும் குழாய் முனையில் தீ எரியும், ஏனென்றால் கலந்து விட்ட ஹைட்ரஜனே எரியும். எரிவது மீத்தேன்தானா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. மாறாமல் மிஞ்சி வரும் கரியமில வாயுவை முதலில் காரச் சோடாக் கரைசலில் பிடித்து நிறுத்திவிட வேண்டும். பிறகு வரும் தீயின் மேல் ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்துப் பிடித்து, அதற்குள் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிக் குலுக்க வேண்டும். மீத்தேன் எரிந்திருந்தால் அதில் பிறக்கும் கரியமில வாயுவால் தண்ணீர் பால்போல வெளுக்கும். வெறும் ஹைட்ரஜன் எரிந்திருந்தால் தெளிவாகவே நிற்கும். "தீ பொய் சொல்லும், சுண்ணாம்புத் தண்ணி சொல்லாது" என்றார். அதுவும் பொய் சொல்லும் என்று அவருக்கு நான்தான் காட்டிக் கொடுத்தேன். அது பிறகு.

பையன்களுக்குப் பரீட்சை நேரமாக இருந்ததால் ஆய்வுக்கூடத்துக்குள் ஹைட்ரஜன் வைத்து விளையாடத் தலைமையாசிரியர் சம்மதிக்கவில்லை. அதனால் பீபிக் வீட்டுக் கொல்லையில், விறகும் தேங்காய் மட்டையும் போடும் கொட்டகையில் எல்லாவற்றையும் அமைத்தேன். துத்தநாகத் துண்டுகளில் அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் கிடைத்துவிடும். கரியமில வாயுவுக்கு என்ன செய்வது? டீச்சர் சொன்ன இடம் கள்ளுக்கடை. "காத்துல வீணாப் போறதைத்தானே பிடிக்கணும்" என்றார். சொல்வது சுலபம், போய் நிற்கிறவன் நான்.

கால்பந்துக்குள் வைக்கும் ரப்பர்ப் பை ஒன்றை வாங்கிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போனேன். நுரைத்துக்கொண்டிருந்த ஜாடியின் வாயை மூடி, குழாய் சொருகி, பை உப்பும்வரை காத்திருந்தேன். கடைக்காரர் முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும், வந்தவர்களிடமெல்லாம், "தம்பிக்குக் கள்ளு வேணாமாம், கள்ளோட மூச்சு போதுமாம் லா!" என்று சொல்லிச் சிரித்தார். உப்பிய பையை சைக்கிள் கைப்பிடியில் கட்டிக்கொண்டு தார்ச் சடக்கில் வரும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசும். பள்ளிக்கூட ஆள் தினமும் கள்ளுக்கடையில் நிற்கிறான் என்று யாராவது தலைமையாசிரியரிடம் வத்தி வைத்தால்? பை வழியில் வெடித்தால்? அதிகாரியே அந்த வழியாகக் காரில் போனால்? ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் தினமும் பயந்தேன்.

அந்த வாயுவை மயில்துத்தக் கரைசலில் கழுவித்தான் உள்ளே விடுவேன். கள்ளிலிருந்தும் கொஞ்சம் கந்தக ஆவி வரலாம் என்று டீச்சர் எச்சரித்திருந்தார். ஹைட்ரஜனைப் பற்ற வைக்குமுன் ஒவ்வொரு தடவையும் ஒரு சோதனைக் குழாயில் பிடித்து நெருப்புக் காட்டுவேன். சத்தமில்லாமல் எரிந்தால் சரி. படக்கென்று வெடித்தால் காற்று கலந்திருக்கிறது. நான் ஒரு தடவைக்கு ஐந்து தடவை பார்ப்பேன். உள்ளே கண்ணாடிக் குழாயில் பொடி செங்கல் துண்டுகள் மேல் படிந்த கறுத்த நிக்கல் இருந்தது. அதன் அடியில் மண்ணெண்ணெய் அடுப்பு. என் மனைவி கொட்டகைக்கு வெளியே பத்தடி தள்ளி நின்றுதான் பேச வேண்டும் என்பது என் சட்டம்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு அது வேலை செய்தது. பீபிக்கின் வெற்றிலைச் செல்லத்திலிருந்த சுண்ணாம்பைக் கேட்டு வாங்கி, கரைத்து, தெளிய வைத்து, வடித்து வைத்திருந்தேன். தீயின் மேல் குவளையைக் கவிழ்த்துப் பிடித்து, தண்ணீரை ஊற்றிக் குலுக்கினேன். வெளுத்தது. நான் சத்தம் போட்டதில் என் மனைவி பத்தடிச் சட்டத்தை மீறி ஓடி வந்துவிட்டாள்.

"இதுக்குத்தானா இவ்வளவு கூச்சல்? அரிசி கழுவின தண்ணி மாதிரில்ல இருக்கு" என்றாள்.

அதைவிட அழகான தண்ணீரை நான் பார்த்ததில்லை. மறுநாள் டீச்சரிடம் சொன்னேன். "நெசமாவா?" என்று முகம் மலர்ந்து கேட்டார். வந்து பார்க்க அவருக்கு நேரமில்லை, பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். என் வார்த்தையை நம்பினார்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மாலை கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், நன்றாக வெளுத்தது. அடுப்பை அணைத்து, குழாயின் இரண்டு முனையையும் தக்கையால் அடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, கொட்டகைக் கூரைக் கட்டையில் ஒரு பாம்புச் சட்டை தொங்குவதைப் பார்த்தேன். முழுச் சட்டை. என் முழங்கையளவு இருக்கும். எனக்கு உயிரே போய்விட்டது. தோட்டத்தில் பாம்பு கடித்துத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களைப் பார்த்தவன் நான். காலையில் இருட்டோடு வந்து இந்தச் சாமான்களை அள்ள வேண்டும். மட்டைக்குள் கை விட வேண்டும்.

பீபிக்கிடம் ஓடினேன். அவர் துளியும் அலட்டிக்கொள்ளவில்லை. "பாக்கார் பெலேராங் லா! ஊலார் தாக்குட்" என்றார். கந்தகத்தைக் கொளுத்து, பாம்பு பயந்து ஓடிவிடும் என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். மழைக்காலத்தில் வீட்டைச் சுற்றி மஞ்சள் தூள் தூவியிருக்கும். அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

பெலேராங் கந்தகம்தான் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பள்ளிக்கூட அலமாரியில் அதே தூளைப் போத்தலில் போட்டு லேபிள் ஒட்டியவனே நான்தான். டீச்சர் சொன்னதும் மறக்கவில்லை. ஆனால் குழாயின் இரண்டு முனையையும் அடைத்திருக்கிறேனே, காலைக்குள் புகை போய்விடுமே என்று என் பயம் எனக்குச் சமாதானம் சொன்னது. ஒரு பயம் பெரிதாக நிற்கும்போது இன்னொரு பயம் கண்ணுக்குத் தெரியாது. சிரட்டை நெருப்பில் கந்தகத்தைப் போட்டுக் கொட்டகைக்குள் வைத்து, கதவை இழுத்துச் சாத்தினேன். மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

சூடான கண்ணாடிக் குழாய் ஆறும்போது உள்ளேயிருக்கும் வாயு சுருங்கும். சுருங்கினால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சூட்டில் காய்ந்த தக்கையில் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். இதையெல்லாம் அப்போதே யோசித்திருக்க வேண்டியவன் நான்தான். கொட்டகை நிறையக் கந்தகப் புகையை வைத்துவிட்டு, குழாயை மூச்சு வாங்க விட்டுவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். அந்த மாதங்களிலேயே நிம்மதியாகச் சாப்பிட்டது அன்று ஒருநாள்தான்.

காலையில் பள்ளி மண்டபத்தில் எல்லாவற்றையும் அமைத்தேன். சுதந்திரத்துக்குக் கட்டிய வண்ணக் காகிதத் தோரணங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அதிகாரி வர ஒரு மணி நேரம் இருந்தது. அடுப்பைப் பற்ற வைத்து, குழாய் சூடேறியதும் வாயுவை விட்டேன். முனையில் தீ வந்தது. குவளையைக் கவிழ்த்துப் பிடித்து, சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன்.

தெளிவாக நின்றது.

சூடு போதவில்லை என்று நினைத்தேன். அடுப்பை ஏற்றினேன். மறுபடி தெளிவு. ஹைட்ரஜனைக் குறைத்தேன், கூட்டினேன். தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரி அப்படியே நின்றது. அப்போதுதான் மெல்ல ஒரு வாடை மூக்கில் ஏறியது. அழுகின முட்டை வாடை. குழாய்க்குள் போயிருந்த கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தது. நிக்கல் செத்துவிட்டது, அதைக் கொன்றவன் நான்.

டீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அவர் வாசலில் அதிகாரியை வரவேற்றுக்கொண்டிருந்தார். நான் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தேன். சட்டைப் பையில் அப்பாவின் கடிதம் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் அதிகாரி என் மேசைக்கு முன் வந்து நின்றுவிட்டார். வெள்ளைக்காரர் இருந்த நாற்காலிக்குப் புதிதாக வந்தவர், சிரித்த முகம். டீச்சர் அவருக்கு விளக்கினார். கள்ளுக்கடை என்றதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். தீயைப் பார்த்துத் தலையாட்டினார்.

"இப்ப சுண்ணாம்புத் தண்ணி சோதனை காட்டுங்க" என்றார் டீச்சர் என்னிடம்.

குவளையைத் தீயின் மேல் கவிழ்த்துப் பிடித்தேன். அதிகாரி அடுத்த மேசைப் பையன் சொன்ன ஏதோ ஒன்றுக்கு ஒரு நிமிடம் திரும்பினார். நான் சுண்ணாம்புத் தண்ணீர் எடுக்கிற சாக்கில் பின்னாலிருந்த அலமாரிப் பக்கம் திரும்பினேன். தண்ணீரைக் குவளையில் ஊற்றினேன். ஒரு கண்ணாடிக் குழலை அதில் விட்டு, மறு முனையை வாயில் வைத்து ஊதினேன். பயந்தவனுக்கு மூச்சுக்கா பஞ்சம்? நாலே மூச்சில் வெளுத்துவிட்டது.

திரும்பியபோது அதிகாரி கை தட்டினார். டீச்சர் தட்டவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து அலமாரிக் கண்ணாடியில் என் வாயும் குழலும் தெரிந்திருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் அதிகாரியை அடுத்த மேசைக்கு அழைத்துக்கொண்டு போனார். என் பாரத்தை அனுப்பிவைக்கச் சொல்லிவிட்டு அதிகாரி போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான்கு நாள் டீச்சர் என்னிடம் பேசவில்லை. வேலையைத் தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிடுவார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கழுவிய குடுவையையே மறுபடி கழுவுவேன். தலைமையாசிரியரிடம் சொல்லியிருப்பாரோ, அதிகாரிக்கே எழுதியிருப்பாரோ என்று நான்கு நாளில் நாற்பது விதமாக நினைத்தேன். வீட்டில் பீபிக்கின் மேல் எரிந்து விழுந்தேன். அவர் கொடுத்த பொட்டலத்தால்தான் வந்தது என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பாம்புக்குப் பயந்து கேட்டு ஓடியவன் நான், கொடுத்தவர் மேல் என்ன குற்றம்? மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளில் தட்டி, புதிதாக ஒரு டப்பா சுண்ணாம்பைக் கையில் கொடுத்தார்.

என் மனைவியிடமும் உண்மையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அரிசியை அடுப்பில் ஏற்றினாள். பிறகு, "அப்ப அந்த வேலைய வாயாலயே ஊதி வாங்கிட்டீங்களா?" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். நான் அன்று சாப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். ஆய்வுக்கூடத்தில் யாருமில்லை, விடுமுறை விட்டிருந்தார்கள்.

"எத்தனை தடவ ஊதினீங்க?"

"நாலு தடவ, டீச்சர்."

கந்தகம், பாம்புச் சட்டை, தக்கை எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப முந்தின வாரம் வெளுத்துச்சுன்னு வந்து சொன்னீங்களே, அதுவும் ஊதினதுதானா?"

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "இல்ல டீச்சர், சத்தியமா இல்ல. வீட்டுல அவளும் பாத்தா" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"உங்க சத்தியத்துக்கு எங்கிட்ட சோதனை இல்ல. தண்ணிக்குத்தான் இருக்கு." மேசை டிராயரைத் திறந்து என் பாரத்தை எடுத்துக் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார். "நானும் அன்னைக்கு வாயத் தொறக்கல. அது என் தப்பு. இது போறதுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. என் கண்ணு முன்னாடி வெளுத்தா கையெழுத்துப் போடுறேன். இல்லாட்டி நடந்ததை எழுதி அனுப்புவேன், என் பங்கையும் சேத்து."

அந்தப் பத்து நாளை எப்படிக் கடத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. இனி வேலைக்காக மட்டும் இல்லை. நான் பொய்யன் இல்லை என்று அந்த ஒரு மனுஷிக்குக் காட்ட வேண்டும். புதுக் கண்ணாடிக் குழாய், புதுத் தக்கை. செங்கல் துண்டுகளை நிக்கல் உப்புக் கரைசலில் ஊற வைத்து, காய வைத்து, வறுத்து, ஹைட்ரஜனை விட்டு நாள் கணக்கில் சூடு காட்டினேன். எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கழுவினேன். அப்போது கால் வீங்கி உட்கார்ந்திருந்த என் மனைவி, "அந்தக் கொழாயக் கழுவுற மாதிரி என் காலக் கொஞ்சம் கழுவி விட்டா புண்ணியமாப் போகும்" என்றாள். கழுவி விட்டேன். அப்போதும் என் மனசு குழாயில்தான் இருந்தது.

முதல் தடவை ஒன்றுமில்லை. தண்ணீர் தெளிவாக நின்றது. டீச்சர் பார்த்துவிட்டுப் போய்விட்டார். குழாய் முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். கள்ளுக்கடைக்காரர்கூட என் முகத்தைப் பார்த்துக் கேலியை நிறுத்திவிட்டு, நன்றாக நுரைத்த ஜாடியாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்தார். இரவில் படுத்தால் முட்டை வாடை வருகிறதா என்று என் விரல்களையே முகர்ந்து பார்ப்பேன்.

பத்தாம் நாள் மத்தியானம். ஆய்வுக்கூடத்து ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்திருந்தோம். பீபிக் கொடுத்த சுண்ணாம்பைக் கரைத்து வடித்த தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. சோதனைக் குழாயில் ஐந்து தடவை ஹைட்ரஜனைப் பார்த்து, முனையைப் பற்ற வைத்தேன். சின்னத் தீ, அசையாமல் எரிந்தது. தீயால் என்ன, அது அன்றைக்கும் எரிந்ததுதானே. குவளையை எடுக்கக் கை நீட்டினேன்.

"அதைத் தொடாதீங்க" என்றார் டீச்சர். "நீங்க வெளிய போங்க."

"டீச்சர், நான் ஒண்ணும்…"

"வெளிய போய் நில்லுங்க. உங்க மூச்சுப் படக் கூடாது. கதவச் சாத்துங்க."

வெளியே தாழ்வாரத்துக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அந்த ஒரு தடவை இழுத்துப் பார்க்கவில்லை, பயமாயிருந்தது. உள்ளே குவளை மேசையில் உரசுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. இருபத்து மூன்று வயசு ஆம்பிளை, பிள்ளைக்கு அப்பனாகப் போகிறவன், குறும்பு செய்த பையனைப்போல வகுப்புக்கு வெளியே நிற்கிறேன். வாயை இறுக மூடிக்கொண்டேன். கதவுக்கு இப்பால் நிற்கிற என் மூச்சு எப்படி உள்ளே போகும்? போகாது. இருந்தாலும் அடக்கிக்கொண்டேதான் நின்றேன்.

கதவு திறந்தது. டீச்சர் வெளியே வந்தார். இரண்டு கையையும் முழு நீளத்துக்கு முன்னால் நீட்டிக் குவளையைப் பிடித்திருந்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, உதட்டை இறுக்கி, கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் நீர் கோத்து நின்றார். எவ்வளவு நேரமாக மூச்சைப் பிடித்திருந்தாரோ தெரியவில்லை. என் மூச்சைத்தான் நம்பவில்லை என்று நினைத்திருந்தேன். அவர் தன்னுடையதையும் நம்பவில்லை.

குவளையில் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது.

அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, நாலடி தள்ளிப் போய்த்தான் மூச்சை விட்டார். விட்டதும் இருமல் வந்தது. இருமிக்கொண்டே கையை நீட்டினார்.

"பேனா குடுங்க" என்றார்.